ஹெலனிய காலத்து வெண்கலக் காசு: எந்த நகரத்தைக் கையில் எடுப்பது?

பழைய கிரேக்கக் காசுகளில் ஆர்வம் வந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளியில்தான் தொடங்குவார்கள். ஏதென்ஸின் ஆந்தை, அலெக்சாந்தர் காசில் சிங்கத்தோல் போர்த்திய ஹெராக்ளீஸ் என்று படத்தைப் பார்த்து மனம் போகும். விலையைப் பார்த்ததும் திரும்பி வரும். அப்புறம்தான் வெண்கலத்தின் பக்கம் பார்வை விழும், அதுவும் வேறு வழியில்லாமல் வந்த மாதிரி. வெண்கலக் காசுக்கு இது பெரிய அநியாயம். ஹெலனிய காலம் என்பது அலெக்சாந்தர் இறந்த கி.மு. 323இல் தொடங்கி, எகிப்தும் ரோமின் கைக்குப் போன கி.மு. 30 வரை. இந்த மூன்று நூற்றாண்டுகளில் ஒரு கிரேக்க நகரம் தன் சொந்த மக்களுக்காக அடித்த காசு வெண்கலம்தான். வெள்ளி ஊர் ஊராகப் போனது, படைச் சம்பளமாக, கப்பமாக, மொத்த வியாபாரப் பணமாக. வெண்கலம் உள்ளூர்ச் சந்தையில் மீனுக்கும் எண்ணெய்க்கும் கொடுத்த சில்லறை. ஊர் எல்லையைத் தாண்டினால் அதற்குப் பெரும்பாலும் மதிப்பில்லை.

உள்ளே இருக்கும் உலோகத்தின் விலையைவிடக் கூடுதலான மதிப்பில் அது ஓடியது. அந்தக் கூடுதலுக்குப் பொறுப்பு நகரத்தின் வாக்கு மட்டுமே. இதைப் பற்றி இரண்டு கல்வெட்டுகள் நேரடியாகவே பேசுகின்றன. டார்டனெல்ஸ் ஜலசந்தியின் ஐரோப்பியக் கரையில் இருந்த செஸ்டோஸ் நகரம், கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெனாஸ் என்ற குடிமகனைப் பாராட்டிக் கல்லில் வெட்டியது. மக்கள் சொந்த வெண்கலக் காசு அடிக்க முடிவெடுத்தபோது அந்தப் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள் என்று சொல்லி, காரணத்தையும் சொல்கிறது. நகரத்தின் சின்னம் பொறித்த காசு புழங்க வேண்டும். அதில் வரும் லாபம் மக்களுக்குச் சேர வேண்டும். பெருமையும் வருமானமும் ஒரே வாக்கியத்தில், எந்தக் கூச்சமும் இல்லாமல். கிரீட் தீவின் கோர்ட்டின் நகரத்திலோ கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஒரு சட்டமே போட்டார்கள். நகரம் வெளியிட்ட வெண்கலத்தை எல்லோரும் வாங்கியாக வேண்டும், ஓபல் என்ற சிறு வெள்ளிக் காசுகளை வாங்கக் கூடாது, மீறினால் ஸ்டேட்டர் என்ற பெரிய வெள்ளிக் காசு ஐந்து அபராதம். மக்கள் தாமாக வாங்கிக்கொண்டிருந்தால் அபராதம் எதற்கு?

ஆக, ஒரு நகரத்தின் வெண்கலத்தைச் சேகரிப்பதென்றால் அந்த நகரத்தின் வாக்குக்கு என்ன ஆனது என்பதைப் பின்தொடர்வது. எந்த நகரத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கும் நான் வைக்கும் அளவுகோல் இதுதான். காசு அழகாக இருக்கிறதா, மலிவாகக் கிடைக்கிறதா என்பதெல்லாம் அடுத்தது. அந்தக் காசு வரிசையை அடுக்கி வைத்தால் ஊரின் கதை தெரிகிறதா? நூற்றுக்கணக்கான நகரங்கள் வெண்கலம் அடித்திருக்கின்றன. தொடங்குபவர்கள் கண்ணில் அடிக்கடி படுபவை என்று சிரக்கூசு, ஏதென்ஸ், அமிசோஸ், ரோட்ஸ் ஆகிய நான்கையும், எனக்கு மிகவும் பிடித்தும் இன்று வாங்கச் சொல்ல முடியாத பாந்திகாபேயோனையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

சிரக்கூசு

சிரக்கூசு இருக்கும் சிசிலித் தீவில் வெண்கலம் மற்ற கிரேக்கப் பகுதிகளைவிட முன்னதாகவே வேரூன்றியது. அந்தத் தீவின் பழங்குடி மக்கள் வெண்கலத்தை எடைபோட்டுக் கணக்குப் பார்த்தவர்கள். லிட்ரா என்ற அவர்களுடைய எடை அலகு கிரேக்கக் காசு முறைக்குள்ளும் வந்துவிட்டது. பன்னிரண்டு ஓங்கியா சேர்ந்தால் ஒரு லிட்ரா. அதனால் சிரக்கூசில் வெண்கலக் காசு சின்னஞ்சிறு சில்லறையாக மட்டும் நிற்கவில்லை. கனமாக, அகலமாக, நல்ல கலைஞர்கள் செதுக்கிய அச்சோடு வந்தது.

இந்த வரிசையின் உயிர் பின்பக்க எழுத்தில் இருக்கிறது. கிரேக்கக் காசில் எழுத்து பெரும்பாலும் 'இன்னாருடையது' என்று உடைமையைச் சொல்லும். அகதோக்ளீஸ் கி.மு. 317இல் ஆட்சியைப் பிடித்தபோது வெண்கலத்தில் 'சிரக்கூசு மக்களுடையது' என்றுதான் இருந்தது. கி.மு. 304இல் அவர் தன்னை அரசர் என்று அறிவித்தார். அப்புறம் வந்த காசில் ஒரு பக்கம் 'காப்பவள்' என்ற பட்டத்தோடு ஆர்ட்டெமிஸ், மறுபக்கம் சிறகுள்ள மின்னல், சுற்றிலும் 'அரசர் அகதோக்ளீஸுடையது'. மக்கள் என்ற சொல்லே காணாமல் போய்விட்டது. கி.மு. 289இல் அவர் இறந்தார். அடுத்து ஆட்சிக்கு வந்த ஹிக்கெட்டாஸ் காலத்தில் ஜியஸ் தலையும் கழுகும் வந்தன, 'சிரக்கூசு மக்களுடையது' திரும்பியது. கி.மு. 278இல் எபிரஸ் அரசன் பிர்ரஸ் வந்து இறங்கியபோதும் ஹெராக்ளீஸ் தலையும் போரிடும் அதீனாவும் உள்ள வெண்கலத்தில் மக்கள் பெயர்தான். பிறகு அரசர் இரண்டாம் ஹியரோன். அவர் காலம் முழுக்க 'ஹியரோனுடையது'. பேரன் ஹியரோனிமஸ் கி.மு. 215இல் சிறுவனாகப் பட்டத்துக்கு வந்து தன் பெயரைப் போட்டுக்கொண்டான்; அடுத்த ஆண்டே லியோன்டினியில் கொலையானான். மறுபடி மக்கள் பெயர். கி.மு. 212இல் மார்செல்லஸின் ரோமானியப் படை நகரத்துக்குள் புகுந்தது, ஆர்க்கிமிடீஸ் கொல்லப்பட்டார். அதற்குப் பின்னும் வெண்கலத்தில் 'சிரக்கூசு மக்களுடையது' என்றே தொடர்ந்து அடித்தார்கள், ஆள்வது ரோம் என்றாலும். ஒரு நூற்றாண்டு அரசியலை ஏழெட்டுக் காசுகளில் இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு கிரேக்க நகரம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இவற்றில் எளிதாகக் கிடைப்பது ஹியரோனின் பொசைடன் காசு. கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர் அகலம், சுமார் 5 முதல் 9 கிராம் வரை எடை. முகப்பில் இடப்பக்கம் பார்க்கும் பொசைடன், தலையில் நாடா, கழுத்தை மூடும் தாடி. சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால் நாடாவுக்குக் கீழே தலைமுடி ஈரத்தில் ஒட்டியதுபோலச் சுருள் சுருளாகத் தொங்குவது தெரியும். பின்பக்கம் திரிசூலத்தின் தலை. மூன்று முனைகளுக்கும் நடுவே கொடி வேலைப்பாடு, இரு பக்கமும் கீழ்நோக்கிப் பாயும் டால்பின்கள். கீழே சூலத்தின் காம்பு ஹியரோனின் பெயரை இரண்டாகப் பிரிக்கும். அதற்கும் கீழே ஓரிரு எழுத்துகள் இருக்கும். அடித்த பொறுப்பாளர் அல்லது தொகுதியைக் குறிப்பவை. இந்த எழுத்துகள்தான் சேகரிப்பாளரைப் பிடித்துவைப்பவை. ஒரே படம், ஆனால் எழுத்து மாறுகிறது, எடை மாறுகிறது, கலைஞனின் கை மாறுகிறது. இந்த எடை வேறுபாட்டைச் சமையலறைத் தராசில் பார்க்க முடியாது. நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் சிறு மின்தராசு ஒன்று போதும், எடைக்கும் எழுத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கத் தொடங்கலாம்.

ஹியரோன் காலத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கி.மு. 263இல் ரோமோடு உடன்படிக்கை செய்துகொண்டார். பக்கத்திலேயே ரோமும் கார்த்தேஜும் மோதிய முதல் பியூனிக் போர் தீவைச் சூறையாட, அவருடைய நாடு பெரும்பாலும் தப்பித்தது. தானியத்தில் பத்தில் ஒரு பங்கு வரி என்று அவர் வகுத்த முறையை, பின்னால் ரோமானியர்களே சிசிலி முழுக்கப் பின்பற்றினார்கள். 54 ஆண்டுகள் ஆண்டு, 90 வயதைத் தாண்டி இறந்ததாக கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதுகிறார். இத்தனை நீண்ட அமைதியில் அடித்ததால்தான் அந்தக் காசு இன்று இவ்வளவு கிடைக்கிறது. இதே ஹியரோன் வெளியிட்ட பெரிய வெண்கலமும் உண்டு: ஒரு பக்கம் அவருடைய தலை, மறுபக்கம் ஈட்டி ஏந்திய குதிரை வீரன். 27 மில்லிமீட்டர் அளவில், 15 கிராமுக்கும் மேல். கையில் வைத்தால் நான்கு டிராக்மா மதிப்புள்ள பெரிய வெள்ளிக் காசைவிட நிறைவாக இருக்கும்.

குறை என்ன? பொசைடன் காசு அளவுக்கு மீறிக் கிடைப்பதால் போலியும் அதிகம், மோசமாகச் சுத்தம் செய்தவையும் அதிகம். சிசிலியில் மண்ணைத் தோண்டித் திருடுவது நீண்ட காலத் தொல்லை. இதைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன்.

ஏதென்ஸ்

ஏதென்ஸின் வெள்ளி உலகப் புகழ், வெண்கலத்தைக் கேட்க ஆளில்லை. சின்னக் காசுகள், தேய்ந்தவை, பாதி எழுத்து இல்லாதவை. அச்சும் அவசரத்தில் அடித்ததுபோல் ஓரம் தள்ளி விழுந்திருக்கும். அழகுக்காக வருபவர்கள் இங்கே ஏமாந்து போவார்கள்.

ஆனால் இந்தக் காசு எங்கே கிடந்தது என்று நமக்குத் தெரியும். அமெரிக்க ஆய்வுப் பள்ளி 1931 முதல் ஏதென்ஸின் அகோராவை, அதாவது பழைய நகரச் சந்தை வெளியை, தோண்டிவருகிறது. எந்தக் கிணற்றில், எந்த மண் அடுக்கில், எந்தப் பானையோடு ஒரு காசு கிடைத்தது என்ற பதிவு இருக்கிறது. ஜான் க்ரோல் 1993இல் அந்தக் கிரேக்கக் காசுகளின் பட்டியலை வெளியிட்ட பிறகு ஏதென்ஸ் வெண்கலத்தின் காலவரிசையே திருந்தியது. ஏலத்தில் வாங்கும் ஆயிரம் காசும் சொல்லாததை, இடம் தெரிந்த ஒரு தேய்ந்த காசு சொல்லிவிடும்.

அகோராவின் தென்கிழக்கு மூலையில் ஒரு பெரிய சதுரக் கட்டடம் கிடைத்தது. கி.மு. 400ஐ ஒட்டிக் கட்டியது. உள்ளே அச்சடிக்காத வெண்கல வில்லைகளும், அவற்றை வெட்டி எடுத்த வெண்கலக் கம்பித் துண்டுகளும் இருந்தன. அந்தக் கட்டடம் நகரத்தின் வெண்கலக் காசுச்சாலை என்று அடையாளம் கண்டார்கள். கம்பியை உருளை உருளையாகத் துண்டாக்கி, சூடாக்கி, அச்சுகளுக்கு நடுவே வைத்து அடித்திருக்கிறார்கள். சில ஏதென்ஸ் காசுகள் சிறியதாகவும் தடிமனாகவும் இருப்பதை அந்தத் துண்டுகளைப் பார்த்த பிறகு வேறு கண்ணோடு பார்ப்போம்.

வெண்கலத்தின் மேல் ஏதென்ஸ் மக்களுக்கு இருந்த சந்தேகமும் பதிவாகியிருக்கிறது. பெலோபொனேசியப் போரின் கடைசியில் வெள்ளி தீர்ந்துபோய், செம்பின் மேல் வெள்ளி பூசி அடித்தார்கள். பிறகு அதைச் செல்லாது என்று அறிவித்தார்கள். அரிஸ்டோபேனீஸின் ஒரு நாடகத்தில் வரும் ஆள் திராட்சை விற்று வாய் நிறைய வெண்கலக் காசை அடக்கிக்கொண்டு (அக்காலத்தில் சில்லறையை வாயில்தான் வைத்துக்கொள்வார்கள்) மாவு வாங்கப் போகிறான். பையை நீட்டும் நேரத்தில் அறிவிப்பாளன் குரல் கேட்கிறது: இனி வெண்கலம் யாரும் வாங்க வேண்டாம், வெள்ளிதான். இப்படிப்பட்ட நினைவுள்ள ஊரில் வெண்கலம் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் மெல்ல வேர்பிடித்து, ஹெலனிய காலத்தில் அன்றாடப் பணமானது. எட்டுக் கால்க்கூஸ் ஓர் ஓபல், ஆறு ஓபல் ஒரு டிராக்மா. கணக்கு எளிது.

படங்களில் எனக்குப் பிடித்தது எலியூசிஸ் காசு. ஏதென்ஸுக்குப் பக்கத்தில் டிமீட்டர் கோயில் உள்ள அந்த ஊரின் பெயரில் தனி வெண்கலம் அடித்தார்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய வரிசை அது. முகப்பில் பாம்புகள் இழுக்கும் சிறகுத்தேரில் டிரிப்டோலெமோஸ் கையில் கதிரோடு உட்கார்ந்திருப்பான், உலகத்துக்கு விவசாயம் கற்பிக்கப் புறப்பட்டவன். பின்பக்கம் ஒரு பன்றிக்குட்டி, சடங்குக் கோலின் மேல் நிற்கும். எலியூசிஸ் மறைச்சடங்குக்கு வருபவர்கள் பன்றிக்குட்டியைக் கடலில் குளிப்பாட்டிப் பலிகொடுப்பது வழக்கம். சின்னக் காசுதான், ஆனால் ஒரு திருவிழாவின் கூட்டமும் கடைகளும் அதில் இருக்கின்றன.

கடைசிக் கட்டம் கொடுமையானது. கி.மு. 88இல் ஏதென்ஸ் ரோமை விட்டுவிட்டு, கருங்கடலின் தென்கரையில் இருந்த பான்டஸ் நாட்டின் அரசன் ஆறாம் மித்ரடேட்ஸின் பக்கம் சாய்ந்தது. அந்த ஓரிரு ஆண்டுகளில் வந்த வெண்கலத்தில் மின்னல் எறியும் ஜியஸுக்குப் பக்கத்தில் பான்டஸின் சின்னமான நட்சத்திரமும் பிறையும் வந்து உட்கார்ந்தன. கி.மு. 86இல் ரோமானியத் தளபதி சுல்லா நகரத்தை முற்றுகையிட்டுச் சூறையாடினான். அந்தப் பிறை பொறித்த காசைக் கையில் வைத்திருந்தவர்களில் எத்தனை பேர் அந்த ஆண்டைத் தாண்டியிருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

அமிசோஸ்

கருங்கடலின் தென்கரையில், இன்றைய துருக்கியின் சாம்சுன். மேலே சொன்ன மித்ரடேட்ஸின் நாட்டில் முக்கியமான கிரேக்க நகரம். சந்தையில் வெண்கலம் தேடுபவர்கள் கண்ணில் முதலில் படுவதே இதுவாக இருக்கலாம். கோர்கன் தலை பதித்த அதீனாவின் மார்புக் கவசம் ஒரு பக்கம், பனையோலை ஏந்தி நடக்கும் வெற்றித் தேவதை மறுபக்கம், நடுவில் ஊர்ப்பெயர். கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர், 7 அல்லது 8 கிராம். ஏரீஸ் தலையும் உறையிட்ட வாளும், ஜியஸும் கழுகும், டயோனைசஸும் சடங்குக் கூடையும், பெர்சியஸும் மேயும் பெகாசஸும் என்று வகைகளுக்குக் குறைவில்லை. அடிப்பு ஆழம், உலோகம் தடிமன், நல்ல நிலையில் வாங்குவது எளிது. பார்த்தவுடன் மயக்கும் காசு.

நகரத்தின் கதையைத் தேடுபவருக்கு இங்கே ஒரு சிக்கல் வருகிறது. இதே படங்கள் சினோப்பே, அமாஸ்ட்ரிஸ், அமாசியா, கொமானா, கபெய்ரா என்று பக்கத்து ஊர்ப் பெயர்களிலும் வந்திருக்கின்றன. ஊர்ப்பெயர் மட்டும் மாறுகிறது. பெர்சியஸ் ஏன் இத்தனை முறை வருகிறான்? மித்ரடேட்ஸ் தன்னைப் பாரசீக வம்சம் என்று சொல்லிக்கொண்டவன். பெர்சியஸின் வழியில் பாரசீகரையும் கிரேக்கரையும் ஒரே முன்னோரில் இணைக்கலாம். ஆக இந்தக் காசில் ஊர்ப்பெயருக்குப் பின்னால் அரசனின் திட்டம் இருக்கிறது, ரோமோடு நடத்திய போர்களுக்கான செலவு இருக்கிறது. அமிசோஸ் மக்கள் தங்கள் சபையில் கூடி இந்தப் படம் வேண்டும் என்று முடிவெடுத்ததாக நினைத்தால் தவறாகப் போகும்.

அதனால் இது மோசமான தேர்வு என்று சொல்லவில்லை. ஓர் அரசன் நகரங்களின் பெயரை எப்படிப் பயன்படுத்தினான் என்பதே நல்ல கேள்வி. ஒரே படத்தைப் பல ஊர்களின் பெயரோடு சேர்த்து, கூட்டெழுத்துகளை (ஒன்றாகப் பின்னிய சுருக்க எழுத்துகள்) ஒப்பிட்டு அடுக்குவது அருமையான வேலை. ஆனால் அதைச் செய்பவர் அமிசோஸை மட்டும் சேகரிக்கக் கூடாது, பான்டஸ் முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊரின் முடிவும் தெரிந்திருக்க வேண்டியது: கி.மு. 71இல் ரோமானியத் தளபதி லுக்குல்லஸ் முற்றுகையிட்டுப் பிடித்தபோது, காவலுக்கு இருந்த பொறியாளன் கல்லிமாக்கஸ் ஊருக்குத் தீ வைத்துவிட்டுத் தப்பினான். லுக்குல்லஸ் தீயை அணைக்கச் சொல்லியும் அவன் வீரர்கள் கொள்ளையில்தான் மும்முரமாக இருந்தார்கள் என்று புளூட்டார்க் எழுதுகிறார்.

ரோட்ஸ்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரோட்ஸின் ஹெலனிய வெண்கலம் பெரும்பாலும் 10, 12 மில்லிமீட்டர் அளவு, ஒரு கிராமைச் சுற்றி எடை. முகப்பில் ரோடோஸ் என்ற நங்கையின் தலை, பின்பக்கம் ரோஜா. விரல் நகத்தில் பாதி. மலிவு, அழகு, ஆனால் இரண்டு நூற்றாண்டுகள் படம் பெரிதாக மாறவில்லை. பூதக்கண்ணாடி இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. ரோட்ஸின் பெருமை அதன் வெள்ளியில் இருக்கிறது, அந்தத் துறைமுகம் வாழ்ந்ததே வெளி வியாபாரத்தில்தானே. ஒரு தகவல் மட்டும் சொல்லாமல் விட முடியாது. கி.மு. 226ஐ ஒட்டி நிலநடுக்கத்தில் ரோட்ஸின் பெருஞ்சிலை விழுந்து நகரமும் இடிந்தபோது நாலாபுறமிருந்தும் உதவி வந்தது. சிரக்கூசிலிருந்து ஹியரோன் பணமும் கவண் இயந்திரங்களும் கொடுத்தார். எகிப்தின் மூன்றாம் தாலமி வாக்களித்த பட்டியலில் வெள்ளியோடு, தனியாக ஆயிரம் டாலண்ட் வெண்கலக் காசும் இருந்தது. வெண்கலம் வெறும் சில்லறை என்று நினைப்பவர்கள் அந்தப் பட்டியலைப் படிக்க வேண்டும்.

பாந்திகாபேயோன்

கிரைமியாவின் கிழக்கு முனை, இன்றைய கெர்ச். மிலேட்டஸ் என்ற கிரேக்க நகரத்தார் நிறுவியது, கெர்ச் ஜலசந்தியின் இரு கரையிலும் இருந்த பாஸ்போரஸ் அரசின் தலைநகர். தாடியுள்ள சேட்டிரின் (பாதி மனிதன், பாதி விலங்கான காட்டுத் தேவன்) தலையும் கிரிஃபின் என்ற சிறகுள்ள கற்பனை விலங்கும் பொறித்த அதன் தங்கக் காசு புகழ்பெற்றது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தங்கமும் வெள்ளியும் வற்றிப்போய், வெண்கலமே எல்லாப் பாரத்தையும் சுமந்தது. எடை இறங்கியது, தரம் இறங்கியது. புழக்கத்தில் இருந்த காசைத் திரும்ப வாங்கி ஒரு பக்கம் நட்சத்திரமும் மறுபக்கம் வில்லுறையும் மறுமுத்திரை குத்தி வெளியே விட்டார்கள். சேட்டிரின் கன்னத்திலேயே அந்த நட்சத்திரம் இறங்கியிருக்கும். பழைய காசின் மேலேயே புது அச்சை வைத்து அடித்தவையும் உண்டு. கடைசியில் அரசன் இரண்டாம் லியூக்கோன் தன் பெயரிலேயே வெண்கலம் அடித்தான். ஒரு நகரத்தின் வாக்கு உடைவதை இதைவிடக் கண்கூடாக எந்தக் காசும் காட்டாது. என் அளவுகோலின்படி முதலிடம் இதற்குத்தான் போயிருக்க வேண்டும்.

ஆனால் இன்று சந்தைக்கு வரும் பாஸ்போரஸ் காசு எந்த வயலில் யார் தோண்டியது என்பதை நினைத்தால் வாங்க மனம் வரவில்லை. 2014 முதல் அந்த நிலம் போருக்குள் இருக்கிறது. பழைய அருங்காட்சியகத் தொகுப்புகளின் படங்களை வைத்துப் படியுங்கள். அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன்

எந்த நகரமானாலும் சில விஷயங்கள் பொது. முதலில் காசு வந்த வழி. கிரீஸ், இத்தாலி, துருக்கி மூன்றிலும் மண்ணுக்குள் இருக்கும் தொல்பொருள் அரசின் சொத்து. அமெரிக்காவில் இருக்கும் வாசகர்கள் கவனிக்க வேண்டியது, இந்த மூன்று நாடுகளோடும் அந்நாட்டு அரசு செய்துள்ள ஒப்பந்தங்களில் பழங்காசு வகைகள் பல அடங்கும், உரிய ஆவணம் இல்லாமல் இறக்குமதி செய்தால் சுங்கத்தில் நிற்கும். இந்தியாவில் நூறு ஆண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வாங்கி வைத்துக்கொண்டு பிறகு வெளிநாட்டில் விற்கலாம் என்ற எண்ணத்தோடு தொடங்காதீர்கள். பழைய சேகரிப்பு, பழைய ஏலப் பட்டியல், அச்சான படம் என்று ஏதாவது ஒரு தடம் உள்ள காசுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது சரியான செலவு. மண் ஒட்டியபடி கிலோ கணக்கில் விற்கும் 'சுத்தம் செய்யாத' காசுகளைத் தொடவே வேண்டாம். அவை ஏதோ ஒரு ஊரின் வரலாற்றைக் கிழித்து எடுத்தவை.

இரண்டாவது, களிம்பு. நல்ல பழுப்பு, கரும்பச்சைப் படிவு காசைக் காக்கும். வெளிர்பச்சையில் மாவுபோல உதிர்வது வேறு. அது குளோரைடு நோய், ஈரம் பட்டால் காசைத் தின்றுகொண்டே போகும், பக்கத்துக் காசையும் விடாது. வாங்கிய காசைச் சில வாரங்கள் தனியாக வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இல்லாமல் வெண்கலத்தை வைக்கக் கூடாது. பூசிய களிம்பு ஒரே நிறத்தில் சமமாக இருக்கும், பல்குச்சியால் உரசினால் பல நேரம் வந்துவிடும். தேய்ந்த முடியையும் கண்ணையும் ஊசியால் புதிதாகச் செதுக்கிய காசுகள் ஹியரோன் வரிசையில் நிறைய உண்டு. முடியிழை எல்லாம் கூர்மையாக இருந்து, சுற்றிலும் உள்ள வெற்றிடம் மட்டும் வழவழவென்று பள்ளமாக இருந்தால் கை பட்டிருக்கிறது என்று பொருள்.

என் தேர்வு

காசைக் கையில் வைத்துப் படிக்க விரும்புபவருக்குச் சிரக்கூசுதான். ஒரு ஹியரோன் பொசைடனில் தொடங்கி, அகதோக்ளீஸின் ஆர்ட்டெமிஸ், ஹிக்கெட்டாஸ் காலக் கழுகு, பிர்ரஸ் காலத்து அதீனா என்று பின்னோக்கிப் போகலாம். நான்கு காசு சேர்ந்தாலே 'மக்களுடையது' என்பதும் 'அரசருடையது' என்பதும் மாறி மாறி வருவது கண்முன் நிற்கும். ஹியரோனிமஸ் அரிதாகக் கிடைப்பவன், அவனுக்காகக் காத்திருக்க வேண்டும்.

காசு சொந்தமாக வேண்டாம், படித்தால் போதும் என்பவருக்கு ஏதென்ஸ். ஒரு பைசா செலவில்லாமல் அகோராக் காசுகளின் பதிவுகளை இணையத்திலேயே பார்க்கலாம், இடமும் அடுக்கும் சேர்த்து. உண்மையில் சிரக்கூசு வாங்கப் போகிறவரும் முதலில் கொஞ்ச நாள் இங்கே செலவிடுவது நல்லது. இடம் தெரிந்த காசு எவ்வளவு பேசும் என்று ஒருமுறை பார்த்துவிட்டால், இடம் தெரியாத காசுக்குப் பணம் கொடுக்கும்போது கை தானாகவே நிதானிக்கும்.

அமிசோஸை இரண்டாவது கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். பான்டஸ் அரசியலைப் படித்த பிறகு அந்தக் கோர்கன் கவசம் இன்னும் நன்றாக இருக்கும். ரோட்ஸ் ரோஜா ஒன்று மட்டும், கண் நன்றாக இருப்பவர்கள், எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம்.

முதல் ஹியரோன் காசைத் தேர்ந்தெடுக்கும்போது பொசைடன் முகம் கூர்மையாக இருக்கிறதா என்பதைவிட, சூலத்துக்குக் கீழே உள்ள எழுத்துகள் படிக்கும்படி இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் எடையைக் குறிப்பிடாவிட்டால் கேட்டு வாங்குங்கள். அந்த எழுத்தும் எடையும்தான் உங்கள் காசை மற்றவர்களின் காசுகளோடு சேர்த்துப் படிக்க உதவும்.